வீட்டில் பெற்ற விரதம், வெளியூரில் பெற்ற துணை
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பெட்டி படுக்கையுடன் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் புறப்படுகின்றனர். பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பும் தாய் கூறும் அறிவுரைகளில் சாப்பாடு பற்றியதே முதலிடம் பெறுகிறது. பொழுது சாயுமுன் உண்டு வளர்ந்த பிள்ளை, இரவு ஏழரை மணிக்குச் சோறு பரிமாறும் விடுதியில் என்ன செய்யும்? ஒரே மேசையில் அமர்ந்து புலால் உண்ணும் நண்பர்கள் வற்புறுத்தினால் எப்படி மறுக்கும்? ஜினாலயமும் சொந்தபந்தமும் இல்லாத ஊரில் வீட்டு ஒழுக்கம் எத்தனை நாள் நிற்கும்? இவை பெற்றோரின் அச்சங்கள்.

பிள்ளையின் அச்சம் வேறு. ஆங்கிலத்தில் நடத்தப்பெறும் பாடம் விளங்குமா? நகரத்துப் பிள்ளைகள் நடுவே வாய்திறந்து பேச வருமா? இரவில் உண்பதில்லை என்றால் கேலி செய்வார்களா? தனித்து நிற்க நேருமா? பெற்றோர் தம் அச்சத்தைப் பிள்ளையிடம் சொல்கின்றனர். பிள்ளை தன் அச்சத்தை யாரிடமும் சொல்வதில்லை. கல்லூரியின் முதலாண்டு பெரும்பாலும் இந்த மௌனத்திலேயே கழிகிறது.

இவ்விரு அச்சங்களும் இன்று தோன்றியவை அல்ல. 1888ஆம் ஆண்டில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு குடும்பம் இதே அச்சங்களோடு தன் கடைக்குட்டிப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பியது. அப்பிள்ளைதான் பின்னாளில் மகாத்மா என்று உலகம் போற்றிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவருடைய மாணவப் பருவத்தைச் சற்றே நெருங்கிப் பார்த்தால், இன்றைய பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படும் செய்திகள் பல கிடைக்கின்றன.

காந்தியடிகளுக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை கல்லூரி முதலாண்டு வாய்த்தது என்பதைப் பலரும் அறியார். 1888ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பாவநகர் சாமளதாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடம் எதுவும் விளங்கவில்லை. விரிவுரைகளில் மனம் ஒன்றவில்லை. பேராசிரியர்கள் சிறந்தவர்களே, பக்குவமில்லாதிருந்தவர் தாமே என்று ‘சத்திய சோதனை’யில் அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டுள்ளார். முதல் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பெரியவராக வளர்ந்த ஒருவர் முதல் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை என்பது, முதல் தேர்வில் தவறித் தலைகுனிந்து நிற்கும் மாணவனுக்கும் அவன் பெற்றோருக்கும் ஆறுதல் தரும் செய்தியாகும்.

அதன்பின் குடும்ப நண்பர் ஒருவரின் யோசனைப்படி, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெறலாம் என்ற எண்ணம் எழுந்தது. தந்தையார் அதற்கு முன்பே மறைந்திருந்தார். தாயார் புத்லிபாய் உடன்படத் தயங்கினார். அங்கே போகும் இளைஞர்கள் புலால் உண்கின்றனர், மதுவின்றி அவர்களால் இருக்க முடிவதில்லை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் துறவி. காந்தியடிகள் பிறந்த மோத் வணிகர் குலத்திலேயே பிறந்து, சமணத் துறவு மேற்கொண்டவர் அவர். மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று பிள்ளையிடம் அவர் விரதம் பெற்றுக்கொடுத்த பின்னரே தாயின் மனம் அமைதியடைந்தது. பம்பாயில் சாதிப் பெரியவர்கள் பயணத்தைத் தடுத்துச் சாதி விலக்கும் செய்தனர். அதையும் மீறி 1888 செப்டம்பர் 4ஆம் நாள் கப்பலேறினார். நவம்பரில் லண்டனின் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19.

ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் எடுத்த விரதத்தோடு தொடங்கிய அந்த முதலாண்டு எப்படிக் கழிந்தது?

பசியில் கழிந்தது. தங்கியிருந்த வீட்டு அம்மையார், காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார். மதியமும் இரவும் ரொட்டியும் உப்புச் சப்பில்லாத கீரையும்தான். இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வேண்டும் என்று கேட்கவும் கூச்சம். உடனிருந்த நண்பர் புலால் உண்ணுமாறு நாள்தோறும் வற்புறுத்தினார். எழுத்தறிவில்லாத தாயிடம், இந்நாட்டு நிலைமை அறியாமல் கொடுத்த வாக்குக்கு மதிப்பென்ன என்று வாதாடினார்; ஆங்கிலத் தத்துவ நூல்களை எடுத்துப் படித்தும் காட்டினார். அவருக்கு எதிராக வாதாடும் திறமை காந்தியடிகளுக்கு இருக்கவில்லை. விரதம் விரதமே, அதை மீற இயலாது என்ற ஒரே விடையைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. அந்த நாட்களில் புலாலுண்ணாமையில் காந்தியடிகளுக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை. பள்ளிப் பருவத்தில் நண்பன் ஒருவனின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டவர் அவர். இந்தியர் அனைவரும் ஒருநாள் புலால் உண்ண வேண்டும், அப்போதுதான் வலிமை பெறுவர் என்ற எண்ணம்கூட அவரிடம் இருந்தது. ஆயினும் தாய்க்குக் கொடுத்த வாக்கைப் பொய்யாக்க மனம் வரவில்லை. விரதம் காத்தார், விரதத்தின் பொருள் இன்னும் அவருடையதாகவில்லை.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டை விட்டுப் புறப்படும்போது இருக்கும் நிலையும் இதுவே. அம்மா சொன்னதால் இரவில் உண்பதில்லை. பாட்டி சொன்னதால் கிழங்கு தொடுவதில்லை. ஏன் என்று விடுதித் தோழன் கேட்டால் விடை தெரிவதில்லை. விடை தெரியாத பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பொருள் விளங்கும் வரை வாக்கை மட்டும் காப்பதும் நேர்மையே. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், தாயின் குரல் தொலைவாகத் தொலைவாக அந்தப் பிடிப்பும் தளரும்.

காந்தியடிகள் அங்கே நின்றுவிடவில்லை. நகரத்தில் சைவ உணவகங்கள் உள்ளன என்று வீட்டு அம்மையார் சொன்னதைக் கேட்டு, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஓர் உணவகம் கண்ணில் பட்டது. உள்ளே நுழையுமுன், வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில், ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவுக்காக வாதாடி எழுதிய நூலைக் கண்டார். ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உணவறைக்குச் சென்றார். இங்கிலாந்தில் கால் வைத்த பின் வயிறார உண்டது அன்றுதான். அந்த நூலை முழுவதும் படித்தார். அதுவரை வாக்குக்காகப் புலாலை விலக்கியவர், அன்று முதல் தம் விருப்பத்தாலேயே புலால் மறுத்தவரானார். தாயின் முன் விரதம் எடுத்த நாளை மனமார வாழ்த்தினார்.

தாய் கொடுத்த ஒழுக்கத்தின் பொருளை ஓர் ஆங்கிலேயரின் நூல் விளக்கியது. அதேபோல, பிரம்மஞானிகளான இரு ஆங்கிலேயச் சகோதரர்கள் அழைத்த பிறகே, இரண்டாம் ஆண்டின் இறுதியில், அவர் பகவத் கீதையைப் படித்தார். அதுவரை தம் சமய நூலை வடமொழியிலோ குஜராத்தியிலோ படித்திராததற்கு வெட்கப்பட்டார். வெளியூரில் பிறர் கேட்கும் கேள்வி, ஒருவனைத் தன் வீட்டுச் செல்வத்தின் பக்கம் திருப்பி அனுப்புகிறது.

தமிழ்ச் சமணப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. “சமணர் என்றால் வடநாட்டவர் ஆயிற்றே, நீ எப்படித் தமிழ் பேசுகிறாய்?” என்று உடன் பயில்வோர் வியப்போடு கேட்பது வழக்கம். முதலாண்டு மாணவன் நாணி ஒதுங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். பள்ளியில் அனைவரும் கற்ற நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர், சீவக சிந்தாமணி தந்த திருத்தக்கதேவர் சமணர் என்று சொல்லத் தெரிந்தவன், அந்தக் கேள்வியால் நண்பர்களைப் பெறுகிறான். மதுரையில் பயில்பவன் ஒரு விடுமுறை நாளில் கீழக்குயில்குடிச் சமணமலைக்கும், திருச்சியில் பயில்பவன் சித்தன்னவாசலுக்கும், காஞ்சியில் பயில்பவன் திருப்பருத்திக்குன்றத்துக்கும் தோழர்களை அழைத்துச் செல்லலாம். நண்பர்களுக்கு விளக்க வேண்டுமே என்பதற்காகவேனும் அவன் முன்னதாகப் படிப்பான். அப்படிப் படித்தது மனத்தில் நிற்கும்.

இனி, தவறுதல் பற்றியும் ஒரு சொல். சைவ உணவால் தாம் நாகரிகமற்றவராகத் தோன்றுவதாக நண்பர் வருந்தியதைக் கண்டு, அக்குறையை வேறு வழியில் ஈடுசெய்ய எண்ணினார் காந்தியடிகள். பாண்ட் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலை நேர உடை தைத்தார். பட்டுத் தொப்பி வாங்கினார். அண்ணனுக்கு எழுதித் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். நடனம், வயலின், மேடைப் பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டினார். இந்த மயக்கம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. மாணவனாக வந்தோம், ஒழுக்கம் கனவானாக்கினால் ஆகட்டும் என்று தெளிந்து, அவரே அவற்றைக் கைவிட்டார்.

அவரைத் தெளிவித்ததில் கணக்குப் புத்தகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. வண்டிச் சத்தம், அஞ்சல் தலை, செய்தித்தாள் உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, நாள்தோறும் படுக்கைக்குப் போகுமுன் இருப்பைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். செலவைப் பாதியாகக் குறைத்தார். ஒரே அறையில் தங்கி, தாமே சமைத்து, வண்டியை விட்டு நடந்தார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப்பணத்தைக் கையாண்டபோது துணைநின்றது அந்த மாணவப் பருவத்துப் பழக்கமே என்று அவர் கூறியுள்ளார். புதிய நகரத்தில் பிள்ளை சில மாதம் உடையிலும் கைப்பேசியிலும் மயங்கினால், அதைக் கொண்டு எல்லாம் முடிந்துவிட்டதாகப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. கணக்கெழுதும் பழக்கத்தை முன்பே கொடுத்திருந்தால், அது உரிய நேரத்தில் தன் வேலையைச் செய்யும்.

அடுத்து வருவது துணை. தனியாகக் காக்கும் விரதம் நாளடைவில் சுமையாகும். துணையோடு காத்தால் எளிதாகும். இன்னர் டெம்பிள் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கழக விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அங்கே காந்தியடிகளுக்குக் கிடைத்தவை ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான். பார்சி மாணவர் ஒருவரும் சைவ உணவினர் என்பது தெரிந்தது. கழகத்தின் மூத்தோர்களுக்குப் பரிமாறும் காய்கறி உணவைத் தங்களுக்கும் தருமாறு இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தனர். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பழங்களும் காய்கறிகளும் கிடைத்தன. நால்வர் கொண்ட மேசைக்கு இரண்டு புட்டி மது வழங்கும் வழக்கம் அங்கே இருந்தது. மது தொடாத காந்தியடிகள் அமரும் மேசையில் மற்ற மூவருக்கும் பங்கு கூடும் என்பதால், அவரைத் தம் மேசைக்கு அழைக்க மாணவர்கள் போட்டியிட்டனராம்! விரதம் உடையவன் நட்பு வட்டத்திலிருந்து விலக்கப்படுவான் என்ற அச்சத்துக்கு இதைவிடச் சுவையான மறுப்பு வேண்டியதில்லை.

இன்றைய விடுதிகளிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சூரியன் மறையுமுன் உண்ண விரும்பும் மாணவர் தனியாகப் பட்டினி கிடப்பதைவிட, தம்மைப் போன்ற இரண்டொருவரைத் தேடிக்கொண்டு விடுதிக் காப்பாளரிடம் பணிவோடு எழுதிக் கொடுக்கலாம். மாலையில் முன்கூட்டியே உணவு தரவோ, சிற்றுண்டியைச் சற்று மிகுதியாகத் தரவோ சமையற்கூடத்தார் இசையலாம், இசையாமலும் போகலாம். எப்படியாயினும், வேண்டுவதை முறையாகக் கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

முதலாண்டில் ஊன்றிய விதை அடுத்த ஆண்டுகளில் முளைத்தது. காந்தியடிகள் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து அதன் செயற்குழு உறுப்பினரானார். பேஸ்வாட்டர் பகுதியில் வாழ்ந்தபோது அங்கே ஒரு சிறு சங்கத்தைத் தொடங்கினார். டாக்டர் ஓல்ட்ஃபீல்டு தலைவர், அப்பகுதியில் வசித்த கவிஞர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர், காந்தியடிகள் செயலாளர். அவர் இடம் மாறியதும் சில மாதங்களில் அச்சங்கம் நின்றுபோயிற்று. ஆயினும் அமைப்புகளை நடத்தும் பயிற்சியைத் தமக்குத் தந்தது அந்தச் சிறு முயற்சியே என்று அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கி அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது 24தான்.

இத்தனைக்கும் அவர் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். செயற்குழுவில் வாய்திறக்கத் தயங்குவார். உறுப்பினர் ஒருவரைக் கருத்து வேறுபாட்டுக்காக நீக்க வேண்டும் என்ற தீர்மானம் ஒருமுறை வந்தது. அந்த உறுப்பினரின் கருத்து காந்தியடிகளுக்கும் உடன்பாடன்று. ஆனால் சைவ உணவைப் பரப்பும் சங்கத்தில், வேறு பொருள் பற்றிய கருத்துக்காக ஒருவரை விலக்குவது முறையன்று என்று அவர் எண்ணினார். தீர்மானத்தை விரும்பியவரோ சங்கத்துக்குப் பொருளுதவி செய்துவந்த தலைவர். காந்தியடிகள் பெரிதும் மதித்தவர். பேச நா எழாததால் தம் கருத்தை எழுதிக்கொண்டு போனார். அதை வேறொருவர் படித்தார். தீர்மானம் நிறைவேறியது; அவர் பக்கம் தோற்றது. ஆயினும் கூச்சமுள்ள ஓர் இளைஞன், தான் மதிக்கும் பெரியவரோடு மரியாதை குறையாமல் மாறுபடக் கற்றுக்கொண்டான். இப்பாடத்தை வகுப்பறையில் பெற இயலாது. பொறுப்பேற்றுச் சிலரோடு சேர்ந்து பணி செய்யும் இடத்தில்தான் பெறலாம்.

ஆகவே, இவ்வாண்டு கல்லூரி செல்லும் மாணவ மாணவியர் ஏதேனும் ஒரு சிறு பொதுப்பணியில் பெயர் கொடுப்பது நல்லது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் பெரும்பாலான கல்லூரிகளில் இயங்குகிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறை. ஏரிக்கரையில் மரக்கன்று நடுவதும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் பாடப்படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோர் தடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளைக்குப் பத்து நண்பர்கள் கிடைப்பர், தயக்கம் நீங்கும், சாதி, சமயம் கடந்து மனிதரைப் பார்க்கும் கண் திறக்கும்.

அறநிலையங்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு நகரத்திலும் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு பயிலும் நம் மாணவர்கள் இருக்கின்றனர். புதிதாகச் செல்லும் பிள்ளையின் பெயரை அவர்களிடம் முன்கூட்டியே தெரிவித்தால், முதல் மாதத் தனிமை பாதியாகக் குறையும். 2014 ஜனவரியில் மத்திய அரசு சமணரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. அதற்குரிய சான்றிதழ், கல்வி உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றை முன்பே நிரப்பிப் பழகிய மூத்த மாணவர், இளையவருக்கு ஒரு மாலைப்பொழுதில் வழிகாட்டிவிடலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் பிள்ளைகளை விழாவில் நாற்காலி எடுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், விழாக் கணக்கை எழுதவும், சுவடிகளையும் பழைய கல்வெட்டுகளையும் படம் பிடித்துப் பட்டியலிடவும், பாடசாலைச் சிறுவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரவும் பொறுப்பளிக்க வேண்டும். பொறுப்புத் தராத இடத்தில் இளைஞர் தங்குவதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் “சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பதோடு, “இந்த வாரம் யாரோடு பழகினாய்? என்ன படித்தாய்? யாருக்கு உதவினாய்?” என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குப் பொய் சொல்வது எளிது. அடுத்த கேள்விகளுக்குப் பிள்ளை தன் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கும். தவறியதையும் அப்போதுதான் அஞ்சாமல் சொல்லும்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைச் சமணம் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. வீட்டில் பெற்ற நம்பிக்கையைப் பிள்ளை கல்லூரியில் அறிவால் ஆராய்ந்து, பிறரோடு சேர்ந்து செயலில் காட்டும்போது அம்மூன்றும் அவன் வாழ்க்கையில் கூடுகின்றன. 1888இல் புத்லிபாய் அம்மையார் தம் மகனுக்குக் காவலாகக் கப்பலில் யாரையும் அனுப்பவில்லை. ஒரு விரதத்தைக் கொடுத்தார். மற்றவற்றை மகன் தேடிக்கொள்வான் என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு நம் வீட்டுப் பிள்ளைகளையும் வழியனுப்புவோமாக. சென்ற இடத்தில் அவர்கள் நல்ல நூலையும் நல்ல துணையையும் நல்ல பணியையும் பெறுவார்களாக.